பெற்றோலா, டீசலா?

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடத்திப் பார்ப்பார், பால் கறந்துங் காட்டச் சொல்வார். அதன் பின்னரே துண்டுக்குள் கைவைத்து விலை பேசுவார். இத்தனை சோதனைகளையும் பரம்பரையாகப் பயின்று வந்த நம்மவர், பழைய மோட்டார்க் கார் ஒன்றை வாங்கப் புறப்படும்போது மாத்திரம் இரண்டு கேள்விகளோடு அமைந்துவிடுகின்றனர். விலை என்ன என்பது ஒன்று. பெற்றோலா, டீசலா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை தரகரிடம் உண்டு. இரண்டாவது கேள்வியைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச எண்ணுகின்றேன்.

நான் இயந்திர நூல் கற்றவனல்லன். கலைப் பாடங்களிற் பட்டம் பெற்று, பாடசாலை அதிபராகக் காலங் கழிப்பவன். ஆயினும் சென்ற ஆண்டு எங்கள் பாடசாலை ஆசிரியரொருவர் இக்கேள்வியை என்னிடம் கொண்டுவந்தார். அதற்கு விடை காணும் பொருட்டு நாங்கள் இருவரும் தாளும் பென்சிலுமாகப் பல மாலைகள் அமர்ந்திருந்தோம். அக்கணக்கு என் மனத்தைவிட்டு அகலவில்லை.

அவர் சாவகச்சேரிப் பகுதியிற் குடியிருப்பவர். எங்கள் பாடசாலையோ கிளிநொச்சிக்கு அண்மையில் உள்ளது. ஒரு வழிக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். விடியற் காலையில் பஸ்ஸைப் பிடித்து, பாதித் தூரம் நின்றபடி வந்து, மாலையிலும் அவ்வாறே திரும்புவார். வீட்டில் தாயார் நோயாளி. நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோட வேண்டிய நிலை இரண்டு முறை நேர்ந்திருந்தது. இரண்டு முறையும் அயலவரின் படலையைத் தட்டியே வாகனம் பெற்றார். மூன்றாம் முறையும் தட்ட அவருக்கு மனம் வரவில்லை. கூட்டுறவுச் சங்கத்திற் பெற்ற கடனும், மனைவியின் சங்கிலியை அடைவு வைத்த பணமுமாக ஒரு தொகையைச் சேர்த்துக்கொண்டு கார் தேடப் புறப்பட்டார்.

தேடியது நல்ல காலத்திலன்று. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், நாட்டிலிருந்த பழைய கார்களெல்லாம் பொன்னாகிவிட்டன. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் கார்களுக்குக் கதவு திறக்கப்பட்ட போதிலும், புதியவற்றின் விலையும் வரியும் ஆசிரியர் ஒருவரின் கைக்கெட்டுவன அல்ல. ஆகவே அவர் கண்டுபிடித்தவை இரண்டும், யப்பானில் 1995ஆம் ஆண்டு வெளிவந்த 110 இலக்கத் தொடரைச் சேர்ந்த ரொயோட்டா கொரோலாக்கள். இரண்டும் வெள்ளை நிறம். ஏறக்குறைய ஒரே வயது. ஒன்றில் 1,498 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள பெற்றோல் இயந்திரம். மற்றதில் 1,974 கன சென்ரிமீற்றர் டீசல் இயந்திரம். டீசல் காரின் சொந்தக்காரர் நான்கு இலட்சம் ரூபா அதிகம் கேட்டார். “கேட்டதைக் கொடுக்கலாம் சேர், டீசல்தானே, எண்ணெயிலே மிச்சம் பிடிக்கலாம்” என்றார் நம் ஆசிரியர். “தம்பி, எத்தனை வருஷத்தில் மிச்சம் பிடிப்பீர்?” என்று கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. அங்கேதான் எங்கள் கணக்குத் தொடங்கியது.

கணக்குக்குள் நுழையுமுன், இவ்விரண்டு இயந்திரங்களும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை இரண்டொரு வார்த்தையிற் கூறிவிடுகின்றேன். ஜெர்மனியரான ஒற்றோ என்பவர் 1876இல் அமைத்த நாலடி இயந்திரத்தின் வழிவந்தது பெற்றோல் இயந்திரம். காற்றும் பெற்றோலும் கலந்த கலவையை ஒன்பது பத்து மடங்கு அமுக்கி, மின்பொறியாற் கொளுத்துவது அதன் இயல்பு. அதே நாட்டவரான ருடோல்வ் டீசல் 1897இல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய இயந்திரத்திலோ பொறிக்கு வேலையில்லை. காற்றை மாத்திரம் உள்ளிழுத்து, இருபது மடங்குக்கு மேலாக அமுக்கும்போது அக்காற்றுக் கொதித்து எழுகின்றது. அவ்வேளையிற் பீய்ச்சப்படும் எண்ணெய் தானாகவே தீப்பற்றுகின்றது. இவ்வளவு அமுக்கத்தைத் தாங்குவதற்கு இயந்திரம் கனமானதாயும் உறுதியானதாயும் இருத்தல் வேண்டும். லொறிக்கும் கப்பலுக்கும் உரியதாய்க் கருதப்பட்ட இவ்வியந்திரத்தை முதன்முதலில் 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தார் பயணிகள் காருக்குள் வைத்து வரிசையாகச் செய்து விற்றனர்.

அதிக அமுக்கத்தாற் கிடைக்கும் பயன் யாதெனில், எரிந்த எண்ணெயிற் பெற்றோல் இயந்திரத்திலும் கூடிய பங்கு வேலையாக மாறுகின்றது. அன்றியும் டீசல் பெற்றோலிலும் அடர்த்தி மிக்கது. ஒரு லீற்றரில் அடங்கியுள்ள வெப்பமும் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு அதிகம். ஆகவே டீசல் கார் ஒரு லீற்றருக்கு அதிக தூரம் ஓடுவது கட்டுக்கதையன்று. அதற்கு நாம் செலுத்தும் கட்டணமும் உண்டு. எண்ணெயைப் பீய்ச்சும் பம்பும் அதன் ஊசிகளும் நுணுக்கமான வேலைப்பாடுடையவை. அவை பழுதானால் மூலைக் கராஜிற் சீர்செய்ய இயலாது. அதற்கென்றே உள்ள பட்டறைக்குப் போதல் வேண்டும். பற்றரியும் ஸ்ராட்டரும் பெரியவை, விலையும் பெரிது.

இனி விலைப்பலகைக்கு வருவோம். நம் நாட்டில் நெடுங்காலமாக டீசல் விலை பெற்றோல் விலையிலும் மிகக் குறைவாகவே வைக்கப்பட்டிருந்தது. பஸ்ஸும் லொறியும் உழவு இயந்திரமும் அதிலேயே ஓடின என்பது அதற்குக் காரணம். 2021 டிசெம்பரில் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபா. டீசல் 121 ரூபா. வேறுபாடு 56 ரூபா. அதை நம்பி டீசல் கார் வாங்கியவர் பலர். ஆறே மாதம் கழிந்து, 2022 யூன் மாத இறுதியிற் பெற்றோல் 470 ரூபா, டீசல் 460 ரூபா! வேறுபாடு பத்து ரூபாவாகச் சுருங்கிவிட்டது. அரசாங்கம் நிர்ணயிக்கும் ஒரு விலை வேறுபாட்டை நிலையான சொத்தாக மதித்து அதன்மேற் கடன் வாங்குவது எத்தகையது என்பதை அந்த ஆறு மாதமும் எனக்குத் தெளிவாய்க் காட்டின.

இப்போது கணக்கைக் கேளுங்கள். நம் ஆசிரியர் பாடசாலை நாளொன்றுக்கு 100 கிலோமீற்றர் ஓடுவார். மற்றப் பயணங்களையுஞ் சேர்த்து ஆண்டுக்கு 20,000 கிலோமீற்றர் என்று கொண்டோம். நெடுஞ்சாலையில் அந்தப் பெற்றோல் கார் லீற்றருக்கு 12 கிலோமீற்றரும், டீசல் கார் 16 கிலோமீற்றரும் ஓடும் என வைத்துக்கொண்டோம். விலை மாதந்தோறும் மாறுவதால், கணக்குக்காகப் பெற்றோல் 300 ரூபா, டீசல் 280 ரூபா என்று எழுதினோம். பெற்றோல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,670 லீற்றர். செலவு ஐந்து இலட்சம். டீசல் 1,250 லீற்றர். செலவு மூன்றரை இலட்சம். மிச்சம் ஒன்றரை இலட்சம் ரூபா.

“பார்த்தீர்களா சேர்!” என்று அவர் முகம் மலர்ந்தது. ஆனால் அந்த ஒன்றரை இலட்சத்தைப் பிரித்துப் பார்க்கும்போது, விலைப்பலகை வேறுபாட்டால் வந்தது 25,000 ரூபா மாத்திரமே. எஞ்சிய 125,000 ரூபாவும் இயந்திரம் குறைவாகக் குடிப்பதால் வந்தது. ஊரார் மலிவு மலிவு என்று சொல்வது எண்ணெயை. உண்மையில் உதவுவதோ ஓடுகின்ற தூரம். தூரம் ஓடினால் மாத்திரமே டீசல் சம்பளம் கொடுக்கும்.

பின்னர் செலவுப் பக்கம். பம்பு, ஊசிகள், பற்றரி ஆகியவற்றுக்காக ஆண்டொன்றுக்கு 30,000 ரூபா அதிகமாக ஒதுக்கினோம். மிச்சம் 120,000. அதிகமாகக் கொடுக்கும் நான்கு இலட்சத்தை இதனால் வகுத்தால், மூன்று ஆண்டும் நான்கு மாதமும். கடனுக்குரிய வட்டியைச் சேர்த்தால் அதனினும் நீளும். “விற்கும்போது அந்த நாலு இலட்சமும் திரும்பி வருந்தானே, சேர்?” என்றார். நியாயமான மறுப்புத்தான். இயந்திரம் அப்போதும் சுகமாயிருந்தால் ஒரு பங்கு திரும்பி வரும். முப்பது வயதை நெருங்கும் டீசல் இயந்திரமொன்று இன்னும் நான்கு ஆண்டின் பின்னர் எந்த நிலையில் நிற்கும் என்பதற்கு மாத்திரம் எவரும் பிணை நிற்க மாட்டார்.

ஆனால் என் மனத்தை உறுத்தியது வேறொரு விஷயம். அரசாங்க ஆசிரியருக்கு இடமாற்றம் என்று ஒன்று உண்டு. அவர் வெளிமாவட்டச் சேவையிற் பெரும்பகுதியை முடித்துவிட்டார். இன்னும் ஓரிரண்டு ஆண்டில் ஊர்ப் பாடசாலைக்குத் திரும்பக்கூடும். திரும்பினால் ஒரு நாளைய ஓட்டம் 100 கிலோமீற்றரன்று, ஐந்தோ ஆறோ. ஆண்டுக்கு 4,000 கிலோமீற்றர் என்று வைப்போம். ஊருக்குள் ஓடுங்கால் பெற்றோல் கார் லீற்றருக்கு 10, டீசல் கார் 12½ என்று கொண்டால், ஆண்டு மிச்சம் 30,000 ரூபா அளவே. ஓட்டம் குறைந்ததால் அதிகப்படியான பராமரிப்பும் பாதியாகக் குறையும் என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் கையில் மிஞ்சுவது 15,000. நான்கு இலட்சத்தை மீட்க இருபத்தாறு ஆண்டுகள் வேண்டும்! காருக்கும் அத்தனை ஆயுள் இல்லை. அதன் கணக்கைப் பார்த்த எனக்கும் ஐயந்தான்.

குறுகிய ஓட்டத்தில் மற்றொரு தீமையும் உண்டு. டீசல் இயந்திரம் சூடேறச் சற்று நேரம் எடுக்கும். ஐந்து நிமிடத்துக்கொரு முறை நிறுத்தி நிறுத்தி ஓட்டும்போது அது நன்றாகச் சூடேறுவதேயில்லை, புகைக்கரி படிகின்றது. நாள் முழுதும் ஓடும் வாடகைக்கார்க்காரர் ஒருவர் இக்கேள்வியைக் கேட்டிருப்பின் நான் பென்சிலைத் தொட்டிருக்கவே மாட்டேன். டீசலை வாங்கும் என்று சொல்லியிருப்பேன்.

இவ்விடத்தில் ஒரு பழைய நினைவு குறுக்கிடுகின்றது. 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய பெற்றோல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நேயர்களிற் பலர் அறிவர். சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அவற்றின் அமுக்கம் குறைவாயிருந்தமையால் அது சாத்தியமாயிற்று. இக்காலக் கார்களில் அந்த வித்தை பலிக்காது. நோயாளியையும் மணமகளையும் பிரேதத்தையும் ஏற்றிச் சென்ற அக்கார்களை இன்று சிலர் ஏளனமாகப் பார்க்கின்றனர். எனக்கு அவற்றைக் கண்டால் இன்னமும் மரியாதை தோன்றும்.

எரிபொருளின் பெயர் எதுவாயினும், அந்தக் குறிப்பிட்ட கார் எவ்வாறு இருக்கின்றது என்பதே அடுத்த விஷயம். நம் ஆசிரியர் டீசல் காரை முதலிற் பார்க்கப்போனது பிற்பகலில். சாவியைத் திருப்பியவுடன் கிளம்பியதாம். “பொனற்றின்மேற் கை வைத்துப் பார்த்தீரோ?” என்று கேட்டேன். வைக்கவில்லை. விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் எந்த டீசலும் அவ்வாறே கிளம்பும். இரவு முழுதும் குளிர்ந்து கிடந்த இயந்திரத்தை விடியற் காலையிற் கிளப்பிப் பார்த்தல் வேண்டும். சூடேற்றும் பிளக்கின் விளக்கு அணைந்தபின் திருப்பினால் ஓரிரு சுற்றிற் பிடிக்கின்றதா, நெடுநேரம் இழுக்கின்றதா என்பதைக் கவனித்தல் வேண்டும். நடுச்சாமத்தில் தாயாரை ஏற்றப் போகிறவருக்கு இதனிலும் முக்கியமான சோதனை வேறில்லை.

புகையும் பேசும். கறுப்புப் புகை, எண்ணெய் மிகுந்து காற்றுக் குறைந்ததைக் காட்டும். பெரும்பாலும் ஊசிகளின் குறை. நீலப் புகை, இயந்திரம் தன் மசகெண்ணெயையே எரிப்பதற்கு அடையாளம். சூடேறிய பின்னும் ஓயாத வெண்புகை இருப்பின், தண்ணீர் உள்ளே கசிகின்றதோ என்று ஐயுறுதல் வேண்டும். குளிர்ந்திருக்கும்போதே ரேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து, இயந்திரத்தைக் கிளப்பி, தண்ணீரிற் குமிழி தொடர்ந்து எழுகின்றதா என்றும் பார்க்கலாம். எழுந்தால் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்போ, அதன் காஸ்கெற்றில் ஒழுக்கோ இருக்கலாம். டீசலில் இது பெருஞ்செலவு. சூடேறிய ரேடியேற்றரை மாத்திரம் ஒருபோதும் திறவாதீர்கள், முகம் வெந்துவிடும். மண்ணெண்ணெய் மலிவாயிருந்த காலத்தில் அதை டீசலோடு கலந்து ஓட்டியவர்களும் உண்டு. மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழவழப்பு இல்லாமையாற் பம்பு தேய்ந்துவிடும். அந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. பட்டறைக்காரரின் பற்றுச்சீட்டிலேயே தெரியும்.

பெற்றோல் காரிற் சோதனை சற்று எளிது. பிளக்குகளைக் கழற்றி அவற்றின் நிறத்தைப் பார்க்கலாம். நின்றபடி ஓடும்போது இயந்திரம் ஏறி இறங்கித் தள்ளாடுகின்றதா என்று காதாலறியலாம். ரைமிங் பெல்ற் எப்போது மாற்றப்பட்டதென்று இரண்டு கார்களிலும் கேட்டறிதல் வேண்டும். விடை தெரியாவிடின் வாங்கியவுடனே மாற்றிவிடுதல் நன்று. ஓடிய தூரத்தைக் காட்டும் மானியை நான் நம்புவதில்லை. காற்பெடலின் இறப்பரையும் கைச்சக்கரத்தின் மினுக்கத்தையும் நம்புகின்றேன்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகப் புத்தகத்தைப் பாருங்கள். பதிவுச் சான்றிதழிலுள்ள இயந்திர இலக்கமும் சசி இலக்கமும் காரிலுள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். பெற்றோல் காராகப் பதியப்பட்டதற்குள் டீசல் இயந்திரம் இறக்கி, அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதியாமல் ஓட்டுகின்றவர்கள் இருக்கின்றனர். ‘ஓப்பின் பேப்பர்’ என்று கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு கைமாறிக் கைமாறி வரும் வாகனத்தைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். ஒரு விபத்து நேரும்போதுதான் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி எழும்.

டீசல் புகையைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லாமல் விட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012ஆம் ஆண்டில் டீசல் புகையைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பிற் சேர்த்தது. வருமான அனுமதிப்பத்திரம் பெறப் புகைச் சோதனைச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி இருந்தும், காலையிற் பாடசாலை வாயிலில் நிற்கின்ற எனக்கு, பிள்ளைகளை இறக்கிவிட்டு வான்களும் பஸ்களும் கக்கிச் செல்லும் கரும்புகை நாள்தோறும் கண்ணிற்படுகின்றது. அது பிள்ளைகளின் முகத்துக்கு நேரான உயரத்திலேயே பரவுகின்றது. பெற்றோல் புகையும் நஞ்சுதான்; கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் அந்தக் கரியை நம் வாயிலிலே மேலும் ஒரு பங்கு கூட்டுவதில் எனக்கு விருப்பமில்லை என்று ஆசிரியரிடம் கூறினேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடன்பட்டவருக்கு ரூபாக் கணக்கே கணக்கு. அதை நான் குறை கூறவுமில்லை.

முடிவை ஏற்படுத்தியது நான் எதிர்பாராத ஒன்று. 2022 யூலையில் வாரப் பங்கீட்டு முறை வந்தபோது ஒரு காருக்குக் கிடைத்தது 20 லீற்றர். டீசல் கார் அதில் 320 கிலோமீற்றர் ஓடும். பெற்றோல் கார் 240. வாரத்துக்கு 500 கிலோமீற்றர் வேண்டியவருக்கு இரண்டுமே போதா. அந்நாளில் எங்கள் ஆசிரியர்கள் கார் வைத்திருந்தவரோடு சேர்ந்து வந்து எண்ணெயையும் செலவையும் பகிர்ந்துகொண்டனர். அதை நினைவுபடுத்திக்கொண்ட அவர், தென்மராட்சியிலிருந்து வரும் இரண்டு ஆசிரியைகளையும் எங்கள் எழுதுவினைஞரையும் கேட்டுப் பார்த்தார். மூவரும் உடனே இசைந்தனர். எண்ணெய்ச் செலவை நால்வரும் பகிர்ந்தால், பெற்றோல் காரில் அவர் பங்கு 125,000 ரூபா. டீசல் காரில் 87,500. அவருக்கு மிச்சம் 37,500. அதிலே பராமரிப்புக்கு 30,000 போக, ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாவுக்காகவா நான்கு இலட்சம் அதிகம் கொடுப்பது? அன்று மாலை நாங்கள் பென்சிலைக் கீழே வைத்தோம்.

பெற்றோல் காரையே வாங்கினார். கொடாமல் மீந்த நான்கு இலட்சத்தில் ரைமிங் பெல்ற்றும் நான்கு ரயர்களும் புதிதாகப் போட்டார். மிகுதியால் மனைவியின் சங்கிலியை மீட்டார். தாயாரை ஒரு முறை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றிருக்கின்றார்; கார் முதற் திருப்பிலேயே கிளம்பியதாம். காலை ஏழேகாலுக்கு நால்வரும் வந்திறங்குகின்றனர். அவருடைய இடமாற்ற விண்ணப்பத்துக்குச் சிபார்சு எழுதிக் கையொப்பமிட்டவனும் நானே. கடிதம் இன்னும் வரவில்லை. அது வரும் நாளில் மற்ற மூவரும் மீண்டும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். அவர்களில் ஓர் ஆசிரியை இப்போதே பழைய கார் ஒன்று விசாரிக்கத் தொடங்கியிருக்கின்றார். நேற்று என் அறைக்கு வந்து, “சேர், டீசல் நல்லதாமே?” என்றார். பென்சிலை மீண்டும் எடுத்திருக்கின்றேன்.